ஆறு ஆட்டத்துக்கு 380 மில்லியன்: ரொறன்ரோ செய்வது சரிதானா?

முறிகண்டியான்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இதே சண்டைதான் ஓடுகிறது. அங்கே எழுதினால் பதிலுக்குக் குரல்பதிவாகப் போட்டுத் தள்ளுகிறார்கள், யார் என்ன சொன்னார் என்று திரும்பப் பார்க்க முடியவில்லை. அதனால் இந்தக் கருத்துக்களத்தில் கேட்கிறேன்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் 2026 ஜூன் 11 அன்று மெக்சிக்கோ நகரில் தொடங்குகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், மூன்று நாடுகளில் 16 நகரங்கள். எங்கள் சனம் நிறைந்திருக்கும் ரொறன்ரோவுக்கு ஆறு ஆட்டங்கள். அந்த ஆறுக்கும் நகரம் போட்டிருக்கும் செலவு மதிப்பீடு 380 மில்லியன் கனடா டொலர். 2018 இல் விண்ணப்பிக்கப் போனபோது 30 முதல் 45 மில்லியன் என்றுதான் பேச்சு. 2022 இல் அது 300 மில்லியனை நெருங்கியது. பிறகு இந்தக் கணக்கு.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் கழகத்தின் பழைய ஆட்டக்காரர்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். உலகக் கிண்ண ஆண்டு என்பதால் ஊர் மைதானத்துக்கு ஒரு தொகை சேர்த்துத் தருகிறோம் என்கிறார்கள். இங்கே பாதிப் பேர் பவிலியன் கட்டுவோம் என்கிறார்கள், மற்றவர்கள் மின்னொளி போடுவோம் என்கிறார்கள். அவ்வளவு பெரிய நகரமே இப்படிச் செலவழித்துவிட்டு முழிக்கிறது என்றால் நாங்கள் கொஞ்சம் யோசித்துச் செய்யலாமே என்பது என் எண்ணம். அங்கே இருப்பவர்கள் உண்மை நிலவரம் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அக்கா

தம்பி, 380 என்பது சரி, ஆனால் எல்லாம் நகரத்தின் காசு இல்லை. மத்திய அரசு 104 மில்லியன் தருகிறது. ஒன்ராறியோ மாகாணம் 97 மில்லியன் வரை. மிச்சம் நகரத்தின் தலையில். அதைச் சமாளிக்க ஹோட்டல் அறை வரியை 6 வீதத்திலிருந்து 8.5 வீதமாக ஏற்றியிருக்கிறார்கள், 2025 ஜூனில் தொடங்கி 2026 ஜூலை முடியும்வரை. ஊரிலிருந்து யாரும் வந்தால் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கட்டும், ஹோட்டல் பக்கம் போகவேண்டாம்.

மைதானம் புதிதாகக் கட்டியது இல்லை. 2007 இல் திறந்த பிஎம்ஓ (மொன்றியல் வங்கி) பீல்ட், ஏரிக்கரையில் எக்சிபிசன் பிளேசுக்குள் இருக்கிறது. திறந்தபோது 20,000 பேர் அளவுதான், பிறகு கொஞ்சம் பெருப்பித்தார்கள். முதற்சுற்று ஆட்டத்துக்கே குறைந்தது 40,000 இருக்கை வேண்டும் என்பது உலகக் கிண்ணத்தை நடத்தும் பீபாவின் விதி. அதனால் வடக்கு, தெற்கு இரண்டு கோல் பக்கமும் ஏறத்தாழ 17,000 தற்காலிக இருக்கைகள். எல்லாம் சேர்த்து 45,000 சொச்சம். போட்டி முடிய அந்த இருக்கைகள் கழற்றப்படும்.

நான் எக்சிபிசன் நிலையத்தில் இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன். பழைய மேடைக்குக் கூரை இருக்கிறது. புதியதற்கு ஒன்றும் இல்லை, இரும்புக் குழாய்ச் சாரம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வானத்துக்குப் போகிறது, படிக்கட்டின் இடுக்கால் அந்தப் பக்கம் போகும் கார் தெரிகிறது. உயரத்துக்குப் பயந்தவர்கள் அந்தப் பக்கம் ரிக்கெற் எடுக்கவேண்டாம். இன்னொன்று, போட்டி நாட்களில் அந்த மைதானத்துக்கு வங்கியின் பெயரே கிடையாது. பீபாவின் அனுசரணையாளர் அல்லாதவர்களின் பெயர் தெரியக்கூடாதாம். ‘ரொறன்ரோ ஸ்ரேடியம்’ என்றுதான் போடுவார்கள்.

பேசாலைக் கோலி

அக்கா, கழற்றும்போது சொல்லுங்கள். ஒரு நூறு கதிரை கப்பலில் போட்டுவிட்டால் எங்கள் ஊர்த் திருவிழாச் சுற்றுப்போட்டிக்கும் உதவும்.

வவுனியா ரீச்சர்

பகிடி இருக்கட்டும். கழற்றக்கூடியதாகப் போட்டார்களே, அதற்கே அந்த நகரத்துக்குப் புள்ளி போடலாம். நிரந்தரமாகக் கட்டியவர்களின் கதையைப் பாருங்கள்.

பிரேசில் 2014 இல் அமேசன் காட்டு நடுவே மனாஸ் நகரில் 40,000 க்கு மேல் இருக்கை வைத்து ஒரு மைதானம் எழுப்பியது. செலவு ஏறத்தாழ 300 மில்லியன் அமெரிக்க டொலர். உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தது நான்கே ஆட்டங்கள். அந்த ஊரில் முதற்தரக் கழகம் ஒன்றுகூட இருக்கவில்லை. தலைநகர் பிரசீலியாவின் மைதானம் அதைவிடச் செலவு, பிறகு அதன் வாகனத் தரிப்பிடத்தில் பேருந்துகளை நிறுத்தினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் அம்பாந்தோட்டைச் சூரியவெவவைப் பாருங்கள். 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கென்று காட்டை வெட்டி 35,000 பேருக்கு மைதானம் கட்டினார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் அங்கே இரண்டு ஆட்டங்கள். ஒன்று இலங்கைக்கும் கனடாவுக்கும்! மற்றது பாகிஸ்தான், கென்யா. அந்தப் பெப்ரவரியில் எங்கள் பிள்ளைகள் பலர் போரில் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமின் கூடாரத்தில் இருந்தார்கள். முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதை எழுதாமல் போக மனமில்லை, அவ்வளவுதான்.

முறிகண்டியான் தம்பிக்கு என் பதில்: பவிலியன் வேண்டாம்.

பரந்தன் சந்தி

ரீச்சர், சூரியவெவவையும் ரொறன்ரோவையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. சூரியவெவவில் ஆட ஆள் இல்லை. ரொறன்ரோவில் அந்த மைதானம் திறந்த நாளிலிருந்து ரொறன்ரோ எப்சி அங்கேதான் ஆடுகிறது. கனடியன் புட்போல் ஆடும் ஆர்கோநோட்ஸ் அணியும் 2016 இலிருந்து அங்கேதான். உலகக் கிண்ணம் போனாலும் சனம் வரும். நகரமும் ஒன்றும் அப்பாவி இல்லை, தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு உறுத்துவது மைதானம் இல்லை, ஒப்பந்தம்தான். ரிக்கெற் காசு, ஒளிபரப்பு உரிமை, அனுசரணை எல்லாம் பீபாவுக்கு. பொலிஸ், போக்குவரத்து, துப்புரவு, ரசிகர் திருவிழா எல்லாம் நகரத்துக்கு. கலியாண வீட்டில் மொய்யை மண்டபக்காரன் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுச் செலவை மாப்பிள்ளை வீட்டிடம் வாங்குவது மாதிரி. பீபா இந்த நான்காண்டுச் சுற்றில் எதிர்பார்க்கும் வருமானம் 11 பில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல். ரிக்கெற் விற்பனை தொடங்கியபோது விலை 60 டொலரில் தொடங்கி இறுதியாட்டத்துக்கு 6,730 வரை போனது. அதுவும் வாங்குவோரின் கேள்விக்கு ஏற்ப ஏறும் இறங்கும். ஒருவர் தன் ரிக்கெற்றைப் பீபாவின் தளத்தில் மறுவிற்பனை செய்தால் விற்பவரிடம் 15 வீதம், வாங்குபவரிடம் 15 வீதம். இரண்டு கையாலும் வாங்குகிறார்கள்.

மாட்டோம் என்று சொன்ன நகரங்களும் இருக்கின்றன. சிக்காகோ 2018 இலேயே விலகியது. வரி கட்டும் சனத்தின் தலையில் எவ்வளவு விழும் என்று பீபா உறுதியாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மொன்றியல் 2021 இல் விலகியது, கியூபெக் மாகாணம் கையை விரித்த பிறகு. மொன்றியலுக்குப் பழைய சூடு இருக்கிறது. 1976 ஒலிம்பிக் மைதானக் கடனை அடைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது. வன்கூவர் முதலில் வெளியே நின்றது, மொன்றியல் போன பிறகு 2022 இல் உள்ளே வந்தது. இப்போது அங்கே ஏழு ஆட்டம்.

முறிகண்டியான்

அப்படியென்றால் உங்கள் முடிவு? செய்திருக்கலாமா கூடாதா?

பரந்தன் சந்தி

நான் அந்த நகரசபையில் இருந்திருந்தால் எதிர்த்து வாக்களித்திருப்பேன். ஆனால் ஜூன் 12 அன்று ரிக்கெற் கிடைத்தால் முதல் ஆளாக நிற்பேன். கனடா ஆண்கள் அணி சொந்த மண்ணில் ஆடும் முதலாவது உலகக் கிண்ண ஆட்டம் அது.

தோஹா திரும்பி

அண்ணைமார் எல்லாரும் இருக்கைக் கணக்கே பேசுகிறீர்கள். நான் புல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டார் உலகக் கிண்ணத்துக்கு முந்திய ஆண்டுகளில் நான் அங்கே வேலை. மைதானம் கட்டும் கூட்டமில்லை, பயிற்சித் திடல்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் கூட்டம். ஆட்டம் நடந்தது எட்டு மைதானத்தில். ஆனால் அணிகள் பயிற்சி எடுக்கவும் கையிருப்பாகவும் 136 திடல்கள் தயாரித்தார்கள். ரீவியில் அதை யாரும் காட்டவில்லை. ஒவ்வொரு திடலுக்கும் மாரியில் நாளுக்கு 10,000 லீற்றர் நன்னீராக்கிய கடல்தண்ணீர், கோடையில் 50,000 லீற்றர். எங்கள் பிரதேச சபையின் பவுசர் 5,000 லீற்றர் என்று வையுங்கள். ஒரு திடலுக்கு நாளுக்குப் பத்துப் பவுசர்.

புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வெட்டிப் பார்த்தவன் நான். மேலே மணல், கழுவி அரித்த மணல், கையில் எடுத்தால் சீனி போல உதிரும். அதற்குக் கீழே சல்லி. சல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய் சரிவாக ஓடும். மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தேங்காது, ஒரு பக்கத்தால் வடிந்து போய்விடும். குழாயின் சரிவு விரல் அகலம் பிழைத்தாலும் மேற்பார்வையாளர் கழற்றச் சொல்வார். புல் விரித்த பிறகு எங்களைச் சப்பாத்தோடு ஏற விடமாட்டார்கள், பலகை போட்டு அதன் மேல்தான் நடக்கவேண்டும். புல்லுக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இருக்கவில்லை என்று நாங்கள் பகிடி விடுவோம். முழுப் பகிடியும் இல்லை. என்னை எடுத்த நிறுவனம் கடைசிச் சம்பளத்தை இழுத்தடித்துத்தான் தந்தது. 2021 இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 றியால் என்று சட்டம் வந்தது, கோடையில் காலை 10 இலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளியில் வேலை வாங்கக்கூடாது என்ற விதியும் வந்தது. அது வரும்முன் போனவர்கள் பட்ட பாடு வேறு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். கட்டாரிலும் கழற்றும் மைதானம் ஒன்று கட்டினார்கள், 974 என்று. 974 கப்பல் கொள்கலன்கள், அந்த நாட்டின் தொலைபேசி இலக்கமும் அதுதான். போட்டி முடியக் கழற்றுவோம் என்றார்கள். 2024 இலும் அங்கே ஆட்டம் நடந்தது. ஆகவே ‘கழற்றுவோம்’ என்பதைக் கழற்றிய பிறகு நம்பலாம். ஆனால் நல்ல புல்லுத் திடல் இருந்தால் யாரோ ஒருவர் ஆடிக்கொண்டே இருப்பார். உங்கள் காசைப் புல்லில் போடுங்கள்.

ஸ்காபரோ அக்கா

தம்பி சொல்வது இங்கேயும் பொருந்தும். அணிகள் பயிற்சி எடுக்க எற்றோபிக்கோவில் சென்ரெனியல் பூங்காத் திடலைத் திருத்துகிறார்கள். அது பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கு என்கிறார்கள். 380 மில்லியனில் எனக்கு மனம் பொறுக்கிற பகுதி அதுதான். எங்கள் ஸ்காபரோவில் பிள்ளைகளுக்குத் திடல் பதிவுசெய்ய நாங்கள் படும் பாட்டைக் கேட்டால் தெரியும்.

முறிகண்டியான்

தோஹா திரும்பி, கும்பிடுகிறேன். இதைத்தான் நான் குழுவில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

எங்கள் மைதானத்தின் நிலையைச் சொல்கிறேன். தை மாதம் வந்து பார்த்தால் பச்சைப் பசேல். பங்குனியில் மஞ்சள். உலகக் கிண்ணம் நடக்கும் ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும்போது மேற்குக் கோல் பக்கம் நிற்பவருக்குப் பந்து தெரியாது, செம்புழுதி மட்டும் தெரியும். நடுவட்டத்துக்குள் புல் என்று ஒன்றுமில்லை, பிள்ளைகள் விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டு ஆட்டம் தொடங்கும்முன் காற்று அதைக் கொண்டுபோய்விடும். அதற்குப் பக்கத்தில் பவிலியன் கட்டி, சாயம் பூசி, பெயர்ப்பலகை வைத்தால் எப்படி இருக்கும்?

கமக்காரன்

இழையை இப்போதுதான் பார்த்தேன். புல் என்றதும் என் வேலை வந்துவிட்டது.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரை மைதானத்துக்குக் கேட்கலாம் என்ற யோசனை யாருக்காவது இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சிறுபோகத்துக்கே எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் கூட்டத்தில் அடிபடுகிறோம். புல்லுக்கு என்று வாய் திறந்தால் மண்வெட்டியோடு வருவார்கள், அதில் முதல் ஆள் நான்.

கட்டார்க் கணக்கு இங்கே தேவையில்லை. அவர்கள் போட்டது கடற்கரை ஓரத்தில் வளரும் வேறு இனப் புல், பாலைவனத்தில் மணலுக்கு மேல். அமெரிக்காவின் வெப்பமான ஊர்களில் போடுவது பெர்முடாப் புல்லின் கலப்பினம். அந்தப் பெர்முடாப் புல்லை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள், பிள்ளையாருக்குச் சாத்தியிருக்கிறீர்கள். நம் அறுகுதான். வயல் வரம்பில் அழிக்க முடியாமல் நான் சண்டை பிடிக்கும் சாமான், மைதானத்தில் வளராமல் போக நியாயமில்லை. பிள்ளையார் குடியிருக்கும் முறிகண்டியிலிருந்து எழுதுபவருக்கு நான் அறுகைப் பற்றிச் சொல்லவேண்டியதாகப் போய்விட்டது.

செய்யவேண்டியது இதுதான். இப்போது காசு வந்தால் குழாய்க்கிணறு அடித்து, மோட்டார் போட்டு, ஒரு தண்ணீர்த் தாங்கி வையுங்கள். கிணறு அடிக்கமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள், சில இடங்களில் உவர். வைகாசி, ஆனியில் நிலத்தை உழுது சமப்படுத்தி, நடு உயர்ந்து இரண்டு பக்கமும் மெல்லச் சரியும்படி மண் போடுங்கள், மாரியில் தண்ணீர் நிற்காது. புல் நடுவது ஐப்பசி முதல் மழையோடு. அறுகந் தண்டை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டி, சாண் இடைவெளியில் தாட்டால் போதும். தை வரை யாரும் உள்ளே இறங்கக்கூடாது. அதுதான் கஷ்டம். பிள்ளைகளை நிறுத்தலாம், மாட்டை நிறுத்த முடியாது. சுற்றிவர வேலி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். பிறகு கோடையில் கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாகத் தண்ணீர் விட்டால் அறுகு சாகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், அது பிரயோசனமில்லை.

மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை முதற் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். நம் ஊரில் நின்றுபோன மோட்டார்களில் பழுதானவை கொஞ்சம், கட்டணம் கட்டாமல் நின்றவைதான் அதிகம்.

பேசாலைக் கோலி

கோலியாக ஆடுபவன் என்ற முறையில் கமக்காரன் ஐயாவின் காலில் விழுகிறேன். விழுந்தால் தோல் போகாத மண்ணில் விழ ஆசை.

மின்னொளிக் கட்சிக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லையே?

வவுனியா ரீச்சர்

நான் ஒன்று சேர்க்கிறேன். கிணறு வந்தால் பக்கத்தில் இரண்டு கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் கட்டுங்கள். பெண்பிள்ளைகளின் அணியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருகிறேன். ஆட்ட நாளில் அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு அழைத்துப் போகிறோம், எல்லா வீட்டிலும் விடமாட்டார்கள். மின்னொளியில் இரவு ஆட்டம் வைத்தால் எங்கள் பிள்ளைகள் வரவே முடியாது, அதையும் கணக்கில் எடுங்கள்.

பரந்தன் சந்தி

ரீச்சர் சொன்னது சரி. மின்னொளிக்கு வாக்களிக்க இருந்த ஆள் நான். இப்போது இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். காசு தருபவர்கள் பெயர்ப்பலகை கேட்பார்கள். பவிலியன் என்றால் முகப்பில் போடலாம். கழிப்பறையில் யாருடைய பெயரைப் போடுவது?

ஸ்காபரோ அக்கா

ஹஹ்ஹா. இங்கே உள்ளவர்களிடம் நான் பேசுகிறேன். பெயர் வேண்டும் என்று நிற்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். நீங்கள் கிணறு, மோட்டார், தாங்கி, வேலி, கழிப்பறை என்று தனித்தனியாக மதிப்பீடு எடுத்து அனுப்புங்கள். ஒரே தொகையாகப் போட்டால் ‘அதில் என்ன, இதில் என்ன’ என்று கேட்டுக் கேட்டே ஆடி போய்விடும்.

அது சரி, அங்கே பெரிய திரை வைக்கிறீர்களா? கனடாவின் முதல் ஆட்டம் ஜூன் 12, எங்களுக்குப் பிற்பகல் 3 மணி.

முறிகண்டியான்

உங்களுக்கு 3 மணி என்றால் எங்களுக்கு நள்ளிரவு 12.30, விடிந்தால் சனிக்கிழமை. அன்றைக்குப் பிரச்சினை இல்லை, புரொஜெக்டரும் வெள்ளைச் சீலையும் இருக்கிறது. ஜெனரேற்றர் மட்டும் கேட்டுவைக்க வேண்டும். இறுதியாட்டம்தான் சிக்கல், ஜூலை 19 ஞாயிறு உங்களுக்கு 3 மணி, எங்களுக்குத் திங்கள் அதிகாலை.

வவுனியா ரீச்சர்

திங்கள் பள்ளிக்கூடம். முதலாம் பாடத்தில் யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்து உங்கள் கழகத்துக்குப் பட்டியல் அனுப்புவேன்.

முறிகண்டியான்

ரீச்சர், கூடுதல் நேரம், தண்டனை உதை எல்லாம் வந்தால் விடிந்துவிடும். பிள்ளைகளை நேரே பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுகிறோம்.

ஞாயிறு நிர்வாகக் கூட்டம். இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். தோஹா திரும்பி, உங்களுக்கு எந்த ஊர்? ஒரு நாள் வந்து மண்ணைப் பாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.

தோஹா திரும்பி

ஒட்டுசுட்டான் பக்கம். வருகிறேன். நீர்மட்டம் பார்க்கும் குழாயும் கொண்டு வருகிறேன், சரிவைக் கண்ணால் பார்த்துச் சொல்லமாட்டேன்.

கமக்காரன்

பெயர்ப்பலகைப் பிரச்சினைக்கு ஒரு வழி. தாங்கியைப் பத்து அடி உயரத்தில் வையுங்கள், அழுத்தமும் கிடைக்கும். தாங்கியைச் சுற்றிவரப் பெயர் எழுத நிறைய இடம் இருக்கிறது, ஏ9 வீதியால் போகிற பேருந்துக்கும் தெரியும்.

ஸ்காபரோ அக்கா

ஐயா, அதைச் சொன்னால் அந்த இரண்டு மூன்று பேரும் இன்றைக்கே காசு போடுவார்கள். எந்தப் பக்கம் யார் பெயர் என்ற சண்டையை மட்டும் நீங்களே அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.